கருமபீட இயல்

கருமபீடம் என்பது, அரசாங்கக் காரியாலயத்தில் ஒரு காரியம் கேட்டு வந்தவரும் அதைச் செய்து கொடுக்க வேண்டியவரும் முகத்துக்கு முகம் சந்திக்கும் இடம். அது மரப்பலகையாக இருக்கலாம். கண்ணாடியில் துளை விட்ட அறையாக இருக்கலாம். தோட்டப் பாடசாலையில் ஒரு மேசையை இழுத்துப்போட்டுக் கிராம சேவகர் உட்கார்ந்திருந்தால் அதுவும் கருமபீடமே. எந்த உருவில் இருந்தாலும் இரண்டு தன்மைகள் அதற்கு இருந்தாக வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். இந்தப் பக்கம் நிற்பவர் மறுபடி கேட்க உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். பதில் சொல்ல ஆளில்லாத இடம் கருமபீடம் ஆகாது. ஆள் இருந்தும் அவருக்கு எதையும் திருத்தும் அதிகாரம் இல்லையென்றால் அது பாதிக் கருமபீடம்.

இந்தப் பொருளை ஹாலிஎலவை முன்வைத்து எழுதக் காரணம் உண்டு. பெரகலையிலிருந்து வரும் பாதையும் வெலிமடையிலிருந்து வரும் பாதையும் கூடிப் பதுளைக்குப் போகும் சந்தி அது. சுற்றிலும் மலைகளில் தேயிலைத் தோட்டங்கள். நலன்புரிக் கொடுப்பனவைக் கேட்பது, சரிபார்ப்பது, பெறுவது எல்லாம் ஒவ்வொன்றாகத் திரைக்கும் வங்கிக்கும் போய்க்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், இலங்கையில் கருமபீடம் கடைசியாக வந்து சேர்ந்த மக்கள் இந்த மலைகளில் வாழ்கிறார்கள். மற்றவர்கள் இழந்துகொண்டிருப்பதை இவர்கள் இன்னும் முழுதாகப் பெற்று முடிக்கவில்லை.

தமிழில் இந்தப் பொருளுக்கு முன்னோர் வகுத்த கருத்து இருக்கிறது. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம், எளிதில் காண முடியாதவனாய் இருந்து, வந்தவர் குறையை ஆராயாமல் விடும் மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்கிறது. ஆள்பவனைக் காண்பதும் அவன் ஆராய்வதும் அங்கே ஒரே கடமையின் இரு பகுதிகள். சிலப்பதிகாரம் இதைக் கதையாக நடத்திக் காட்டுகிறது. கோவலன் கொலையுண்டது, அவனை யாரும் நேரில் அழைத்து விசாரிக்காததால். பொற்கொல்லன் சொன்ன தகவல் அரசனுக்குப் போதுமானதாக இருந்தது; தகவலில் பேர் பட்ட மனிதனைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. மறுபக்கம், கண்ணகி வாசலில் வந்து நின்றபோது காவலன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. உள்ளே போய்ச் சொன்னான். அரசன் வரவிடச் சொன்னான். யார் நீ என்று கேட்டான். அவள் தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. சிலம்பு முன்னால் வைக்கப்பட்டது, உடைக்கப்பட்டது, தவறு, அதைச் செய்தவனின் கண்முன்னேயே தெரிந்தது. நேரில் காணாமல் செய்த தீர்ப்பு ஓர் உயிரை எடுத்தது. நேரில் கண்ட விசாரணை அந்தத் தீர்ப்பின் பிழையைச் சில நிமிடங்களில் வெளிப்படுத்தியது. இரண்டும் ஒரே அரசன் செய்தவை. கருமபீடம் எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது: அரசாங்கத்தின் பிழை அரசாங்கத்துக்கே தெரியவரும் இடம் அதுதான்.

ஹாலிஎல இருக்கும் ஊவா மாகாணத்துக்கு வருவோம். 1924இல் ரயில் பாதை பதுளை வரை வந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்குப் போக வழி பிறந்தது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் அரசாங்கத்திடம் போக அப்படி ஒரு பாதை போடப்படவில்லை. அவர்களுக்கு அரசாங்கம் என்பது தோட்டத்து ஆபிஸ்தான். காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டில் பேர் கொடுப்பதிலிருந்து, செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுவது, குடியிருக்க லயக்காம்பரா கிடைப்பது, பிறப்பும் இறப்பும் பதிவாவது வரை துரையும் கிளாக்கரும் கணக்கப்பிள்ளையும் இருந்த இடத்தில்தான் எல்லாம் நடந்தது. வேலை கொடுத்தவரே வீடு கொடுத்தவர். அவரே சாட்சி சொல்பவர். இன்றைக்கும் தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்தை உறுதிப்படுத்தக்கூடியவர்களின் பட்டியலில் கிராம சேவகருடன் தோட்ட அத்தியட்சகரும் இருக்கிறார். தன் பிரசை யார் என்று சொல்லும் வேலையின் ஒரு பகுதியை அரசு தோட்டக் கம்பனியிடம் ஒப்படைத்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

அதற்கும் முன்னால் பிரசையா என்ற கேள்வி நின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்தத் தோட்ட மக்களான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; மிஞ்சிய 1,50,000 பேரைப் பத்து ஆண்டுகள் கழித்துச் சரிபாதியாகப் பிரித்தார்கள். பாக்கி நின்றவர்களுக்கு 1988 சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வரவேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில், 1973–74 பஞ்சத்தில் பங்கீடு குறைந்தபோது, பயிர் செய்யக் காணி இல்லாத தோட்டங்களில் சாவு கூடியது. அன்று லயத்திலிருந்து முறையிட ஒரு மேசை இருக்கவில்லை. உள்ளூராட்சியும் அப்படித்தான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்வதற்குத் தடையாக நின்றது. வாக்குப் போட்டவர்களின் பாதையைத் திருத்த அவர்கள் தெரிவுசெய்த சபையால் முடியவில்லை. அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. ஆகவே ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் இன்று அறுபது வயதான ஒரு பெண்ணின் வாழ்க்கையில், அரசாங்கம் அவளை நேரில் பார்த்துப் பேசிய காலம் மிகச் சிறியது.

இனி நலன்புரிக் கொடுப்பனவு. இரண்டாம் உலக யுத்தகாலப் பங்கீட்டு அரிசியிலிருந்து 1979இல் உணவு முத்திரை, 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி என்று அது பெயர் மாறி வந்தது. சமுர்த்தி தோட்டங்களை முழுதாக எட்டியதில்லை. எட்டிய இடத்தில் ஓர் உத்தியோகத்தர் இருந்தார்; அவரை வழியில் நிறுத்திக் கேட்கலாம், கோபிக்கலாம், அவர் வீடு எது என்று தெரியும். 2023 ஜூலை 1 முதல் அஸ்வெசும வந்தது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், நலன்புரி நன்மைகள் சபை நடத்தும் திட்டம். பொருளாதாரம் சரிந்து, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடன் திட்டம் தொடங்கிய ஆண்டு அது. ஏறத்தாழ 37 இலட்சம் விண்ணப்பங்கள் சேர்ந்தன. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்பின் கீழ் 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளி போட்டு, யார் மிக வறியவர், யார் வறியவர், யார் பாதிக்கப்படக்கூடியவர், யார் இடைநிலையில் இருப்பவர் என்று கணினி பிரித்தது. தொடக்கத்தில் மாதம் 15,000, 8,500, 5,000, 2,500 ரூபா. 2025 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு தொகையும் 17,500, 10,000 ஆகின. பணம் வங்கிக் கணக்குக்குப் போகும். பட்டியல் வெளியானதும் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் வந்தன. நாலு விண்ணப்பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மக்கள் "இது சரியில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த எண்ணிக்கையை நான் முக்கியமான ஆதாரமாக எடுத்துக்கொள்கிறேன். எல்லா முறையீடும் நியாயமாக இருந்திருக்க முடியாது. ஆனால் இத்தனை பேர் ஒரே மாதத்தில் கேள்வி கேட்ட ஓர் ஏற்பாட்டுக்குக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளும் ஆட்கள் எத்தனை பேர் வேண்டும் என்று முதலில் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். புள்ளி போடும் இயந்திரத்துக்குச் செலவழித்த சிந்தனையில் ஒரு பங்கு கேட்கும் மேசைக்குச் செலவழியவில்லை.

தோட்டத்தில் பிழை எங்கே நுழைகிறது என்று பார்த்தால் இது விளங்கும். கேள்விகளில் ஒன்று மின்சாரப் பாவனை. ஒரு லயக்காம்பராவில் அப்பா அம்மா ஒரு குடும்பம், கலியாணம் முடித்த மகன் ஒரு குடும்பம், விதவையான மகள் ஒரு குடும்பம், மின்மானி ஒன்று. மூன்று ஏழைக் குடும்பங்களின் விளக்கு ஒரு குடும்பத்தின் வசதியாகக் கணக்கில் ஏறலாம். இன்னொரு கேள்வி வீடு. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர், தகரக் கூரை. சுவர் உறுதியானது, ஆனால் வசிப்பவருக்கு அதில் ஓர் அங்குலமும் சொந்தமில்லை, உறுதிப்பத்திரம் இல்லை. கேள்வித்தாளில் இதற்குச் சரியான கூடு இல்லையென்றால், கணக்கெடுக்க வந்த பிள்ளை ஏதோ ஒன்றில் குறியிட்டுவிட்டுப் போகும். பிறகு பேர். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, செக்ரோலில் இன்னொரு மாதிரி. தமிழ்ப் பேரைச் சிங்களத்தில் எழுதி, அதை இங்கிலீசுக்கு மாற்றி, மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்தால் மகாலெட்சுமி என்ற பெண் மூன்று பெண்களாகிவிடுவாள். வங்கி மூன்று பேரையும் ஏற்காது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அந்தப் பெண்ணை நேரில் பார்த்து, "ஆமாம், இவதான் அவ" என்று சொல்லக் கூடிய ஒரு மனிதர் வேண்டும். சேவைக்காலப் பணத்துக்கும் ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்) பணத்துக்கும் இதே பேர்ப் பிரச்சினையில் அலைந்தவர்கள் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனிலும் இருக்கிறார்கள்.

அப்படியானால் பிரதேச செயலகத்துக்குப் போகட்டுமே என்பார்கள். போவதன் விலையைக் கூட்டிப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. ஒருநாள் ஏஜிஏ ஆபிசுக்கு, அதாவது அந்தச் செயலகத்துக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது. 1,350 ரூபா போச்சு. மலையிலிருந்து சந்திக்கு ஆட்டோ, அங்கிருந்து பஸ், திரும்பி வர அதே செலவு. முதல் நாள் உத்தியோகத்தர் களத்துக்குப் போயிருப்பார், அல்லது ஒரு பத்திரம் குறையும். "ஹெட்ட என்ன" (நாளைக்கு வாங்க) என்று சிங்களத்தில் சொல்வார்கள், இன்னொரு நாள் வர வேண்டும். இரண்டு நாள் வேலை மட்டும் 2,700 ரூபா. இடைநிலைப் பிரிவுக்கு அஸ்வெசும கொடுத்தது மாதம் 2,500. ஒரு மாதக் கொடுப்பனவைக் கேட்கப் போய்த் தோட்டத்துப் பெண் அதைவிடக் கூடுதலாக இழந்தாள். 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1,550 ரூபா சம்பளமும் வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கத்தின் 200 ரூபாவும் அறிவிக்கப்பட்டது. சம்பளம் கூடுவது நல்லதே, அதோடு ஒருநாள் போகாமல் நிற்பதன் விலையும் கூடுகிறது. பமெலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன் என்ற இரு அறிஞர்கள் 2018இல் எழுதிய நூலில் இதை நிர்வாகச் சுமை என்கிறார்கள்: தெரிந்துகொள்ளும் செலவு, நிறைவேற்றும் செலவு, மனம் படும் பாடு. தோட்டத்துப் பெண்ணுக்கு மூன்றாவதுதான் பெரியது. வரிசையில் நின்று, விளங்காத மொழியில் ஓர் அதட்டல் கேட்டுவிட்டு வருகிறவள் அடுத்த முறை போவதற்கு முன் நிறைய யோசிப்பாள்.

எனவே நான் பழைய கருமபீடத்தைப் புகழ வரவில்லை. பல இடங்களில் அது மோசமாகவே இருந்தது, இருக்கிறது. 13ஆம், 16ஆம் திருத்தங்களுக்குப் பிறகு தமிழ் அரசகரும மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின் கீழ் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருக்கின்றன. பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் தமிழ் தெரிந்தவர் எப்போதும் இருப்பதில்லை. சமுர்த்தியில் கட்சிக்காரருக்குப் பங்கு போனது உண்மை; உத்தியோகத்தரின் தயவுக்குக் காத்திருந்ததும் உண்மை. பணம் நேரே பெண்ணின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போவது அந்தத் தயவிலிருந்து கிடைத்த ஒரு விடுதலை. அதை விட்டுக்கொடுக்க யாரும் கேட்கக் கூடாது.

ஆனால் மனிதரை அகற்றினால் தயவு தேடுவதும் அகலும் என்று நம்புகிறவர்கள் ஹாலிஎலச் சந்தியில் ஒரு காலை நேரம் நின்று பார்க்க வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் போடலாம், மேன்முறையீட்டை இணையத்தில் செய்யலாம், விவரத்தைத் தாமே புதுப்பிக்கலாம் என்று அறிவிப்பு வருகிறது. லயத்தில் சிக்னல் மலைக்கு மலை மாறும். போன் மகனிடம், மகன் கொழும்பில் கடையில் வேலை. பதிவுசெய்த நம்பருக்கு வரும் இரகசிய இலக்கம் அவனுக்குப் போகிறது. அவன் முதலாளி முன்னால் போனை எடுக்க முடியாது. ஆகவே அம்மா டவுனில் கொமினிகேசன் கடைக்குப் போகிறாள். கடைக்காரப் பையன் அவள் அடையாள அட்டையை வாங்கி, அவளிடம் இரண்டு கேள்வி கேட்டு, மற்றவற்றைத் தானே நிரப்பி, அச்சடித்துக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்கிறான். அவன் கெட்டவனல்ல, பின்னால் வரிசை நிற்கிறது. கடைக்குப் போகாதவர்கள் பாடசாலை ஆசிரியரிடம் போகிறார்கள், அல்லது தொழிற்சங்கத் தோட்டத் தலைவரிடம்: "தம்பி, இதக் கொஞ்சம் பாத்து அடிச்சி குடுங்க." இங்கே நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் கருமபீடம் ஒழியவில்லை என்பது தெரியும். அது கடைக்கும் ஆசிரியர் வீட்டுக்கும் சங்கக் காரியாலயத்துக்கும் இடம் பெயர்ந்திருக்கிறது. பெயரும்போது, முதலில் சொன்ன இரண்டு தன்மைகளையும் வழியில் இழந்துவிட்டது. பையன் தவறாக அடித்துவிட்டால் அவனைக் கேட்க அவளுக்கு உரிமை இல்லை. பதில் சொல்ல அவனுக்குக் கடமை இல்லை. தலைவர் செய்து கொடுத்தால் அது உபகாரம், அடுத்த தேர்தலில் ஞாபகப்படுத்தப்படும். அரசாங்கம் தன் செலவைக் குறைத்ததாகக் கணக்கெழுதும். செலவு குறையவில்லை, நாட்சம்பளக்காரியின் மடிக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய அனுபவமல்ல. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கிளைக் காரியாலயங்கள் மூடப்பட்டதன் விளைவை மானசி தேஷ்பாண்டே, யுவே லி என்ற இரு பொருளியலாளர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். காரியாலயம் மூடப்பட்ட சுற்றுவட்டத்தில் மாற்றுத்திறனாளர் கொடுப்பனவு பெறுவோர் தொகை 16 சதவீதம் குறைந்தது; குறைந்தது குறைந்தபடியே நின்றது. அதிகம் விடுபட்டவர்கள் படிப்புக் குறைந்தவர்களும் வருமானம் குறைந்தவர்களும். தேவையில்லாதவர்கள் தாமாகவே விலகிப்போவார்கள் என்பது அலுவலகம் மூடுவோர் சொல்லும் நியாயம். இந்த ஆய்வு காட்டியது அதற்கு எதிரானது. அந்த நாட்டின் இந்தியானா மாநிலம் 2006இல், மாவட்டக் காரியாலயத்தில் குடும்பத்தை அறிந்த அலுவலருக்குப் பதிலாகத் தொலைபேசி மையத்தையும் இணையத்தையும் வைத்து நலன்புரி உதவியை நடத்த ஐபிஎம் நிறுவனத்துடன் பத்தாண்டு ஒப்பந்தம் செய்தது. ஒரு கையெழுத்து விடுபட்டாலும், தொலைபேசி அழைப்பு ஒன்று தவறினாலும், ஒத்துழைக்கவில்லை என்ற காரணத்தைப் போட்டு உதவி நிறுத்தப்பட்டது. 2009இல் மாநிலமே ஒப்பந்தத்தை இரத்துச் செய்தது. 2025இல் அதே சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 57,000 ஊழியரை 50,000 ஆக்கப்போவதாக அறிவித்தது. தொலைபேசியில் அடையாளம் உறுதிசெய்வதையும் நிறுத்த முனைந்து, எதிர்ப்பு எழுந்தபின் பின்வாங்கியது. இந்தியாவில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டெம்பரில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படவில்லை என்று குடும்ப அட்டை நீக்கப்பட்டதால் ரேஷன் அரிசி கிடைக்கவில்லை என்றது குடும்பம். பட்டினியால் சாகவில்லை என்றது அரசு. சாவுக்குக் காரணம் எதுவென்று வாதிட்டாலும், அட்டை நீங்கியபோது அந்த வீட்டுக்குப் போய் "ஏன் இணைக்கவில்லை" என்று கேட்க ஒருவர் போயிருக்க வேண்டும் என்பது வாதத்துக்கு அப்பாற்பட்டது. ஐக்கிய நாடுகளின் வறுமை பற்றிய விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், 2019இல் பொதுச்சபைக்குக் கொடுத்த அறிக்கையில் இந்தப் போக்கு முழுவதையும் பற்றி எச்சரித்திருந்தார்.

மறுபடி ஊவாவுக்கு வருவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நின்றன. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தை மண்சரிவைக் கண்ட மாவட்டம் அது. அந்த நாட்களில் யார் வீடு போனது, யார் எந்தப் பாடசாலையில் தங்கியிருக்கிறார்கள் என்று எழுதியது, கையில் கொப்பியுடன் வந்த மனிதர்கள். சேறு வழிந்த லயத்தின் முன்னால் நின்று, இங்கே எத்தனை குடும்பம் என்று கேட்டு, ஒரு கதவுக்குள் மூன்று குடும்பம் என்று கண்டுகொள்ளக்கூடிய கணினி நிரல் இன்னும் இல்லை. பேரிடருக்கு மனிதர் வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் நிர்வாகம், வறுமைக்கு வேண்டாம் என்று ஏன் நினைக்கிறது? 2019 குடும்ப வருமான, செலவின அளவீட்டில் நகரப் பகுதியில் வறியோர் 6 சதவீதம், கிராமப் பகுதியில் 15, தோட்டப் பகுதியில் 33.8. நெருக்கடிக்கு முந்திய கணக்கு அது. மூன்றில் ஒருவர் வறியவராக வாழும் இடத்தில் வறுமையும் தினசரிப் பேரிடர்தான்.

எப்படிப்பட்ட கருமபீடம் வேண்டும் என்பதை வரையறுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த இயல் வெறும் புலம்பலாகிவிடும். இடம் முதலில். தோட்டத்தில் பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடும் இடம் கொழுந்து நிறுக்கும் மடுவம். பின்னேர நிறுவை முடிந்து கூடைகள் காலியானதும் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். மாதத்தில் ஒருநாள் பின்னேரம் அங்கே ஒரு மேசை போட்டால் ஒரு பேர்கூட விழாமல் போகாது. அரசாங்க வேலைநேரம் அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பது தடையல்ல. மேலதிக நேரக் கொடுப்பனவு என்று ஒன்று இருக்கிறது. நடமாடும் சேவை இந்த நாட்டுக்குப் புதிதல்ல, பிரேமதாச காலத்து ஜனாதிபதி நடமாடும் சேவையைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அது திருவிழா மாதிரி எப்போதாவது வரும். திகதி முன்கூட்டியே தெரிந்த, தவறாமல் வரும் மேசைதான் மக்களுக்குப் பயன்படும்.

மேசையில் உட்காருபவர் தமிழ் பேசுபவராக இருக்க வேண்டும். பிரதேச செயலகப் பிரிவில் அப்படி ஒருவர் இல்லையென்றால் நியமிக்க வேண்டும். தோட்டங்களிலிருந்தே படித்துப் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஊவாவில் நிறையப் பேர். அவரிடம் பதிவைத் திறந்து திருத்தும் அதிகாரம் இருக்க வேண்டும். "மேலே அனுப்புகிறேன்" என்று மட்டும் சொல்லக்கூடியவரை அனுப்பினால் மக்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். பேர் மூன்று மாதிரி இருந்தால், மூன்றும் ஒரே ஆள் என்று அந்த இடத்திலேயே பதிவுசெய்து, வங்கி ஏற்கும் கடிதம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். மின்மானி பொது என்றால், கூடவே நிற்கும் அயல்வீட்டுக்காரரின் சாட்சியைப் பெற்று எழுதிக்கொள்ள வேண்டும். வந்த ஒவ்வொருவருக்கும், என்ன கேட்டார், என்ன பதில், அடுத்து எப்போது என்று திகதி போட்ட தமிழ்த் துண்டு ஒன்று கையில் கிடைக்க வேண்டும். தோட்டத்துக் கடிதங்கள் பலருக்கு இன்றும் ஆபிஸ் வழியாகத்தான் வருகின்றன, தனி விலாசம் இல்லை. ஆகவே பதிலைத் தபாலுக்கு விடாமல் அடுத்த மாத மேசையிலேயே கொடுக்க வேண்டும். கம்பனிக்கு இதில் ஒரே ஒரு வேலை உண்டு: மடுவத்தைத் திறந்து விடுவது. சாட்சி சொல்லும் வேலையை அரசு அதனிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் வரும்வரை கையில் இருக்கும் சட்டம் ஒன்றை மக்கள் பயன்படுத்தலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எனக்கு எத்தனை புள்ளி, எந்தக் குறிகாட்டியில் என்ன பதியப்பட்டிருக்கிறது, ஏன் என் பேர் பட்டியலில் இல்லை என்று எந்தப் பிரசையும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம். கேட்டதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டியது தகவல் உத்தியோகத்தரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. சட்டத்தை எழுதியவர்கள், கேட்பவர் நேரில் வருவார், கேட்டுக்கொள்ள ஒருவர் இருப்பார் என்று எண்ணித்தான் அந்தப் பிரிவை வைத்தார்கள். தோட்டத்து இளைஞர் கழகங்களும் சங்கங்களும் அஸ்வெசுமப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதோடு நிற்காமல், நிராகரிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய் இந்தக் கேள்வியை வாயால் கேட்க வைக்கலாம். ஒரு டிவிசனில் நாற்பது பேர் ஒரே கிழமையில் கேட்டால், பதில் எழுத ஓர் ஆளையும் ஒரு மேசையையும் ஒதுக்காமல் அந்தக் காரியாலயத்தால் சமாளிக்க முடியாது.